மரம் வைத்தவர்கள் தண்ணீர் ஊற்றுவார்களா?

தெருவோரங்களிலும் பூங்காக்களிலும் மரக்கன்று நடக் கிளம்பும் தன்னார்வக் குழுக்களுக்கு,

வணக்கம்.

உங்களில் ஒருவராக இருந்தவர் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாங்கள் எழுபது பேர் சேர்ந்து 400 கன்றுகள் நட்டோம். முந்தின நாளே குழிகள் தயாராக இருந்தன. கன்றுகள் லாரியில் வந்து இறங்கின. கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோய், பையைக் கிழித்து, குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளி மிதித்தோம். பத்தரை மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. சேற்றுக் கையோடு படம் எடுத்துக்கொண்டோம். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஆண்டு அதே வாரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் எண்ணிப் பார்த்தேன். உயிரோடு நின்றவை 31. மற்ற இடங்களில் காய்ந்த குச்சிகள், சாய்ந்த கூண்டுகள். சில இடங்களில் குழி இருந்த சுவடே இல்லை. ஒரு கூண்டுக்குள் யாரோ குப்பையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். பார்க்கத் தொட்டி மாதிரி வசதியாகத்தான் இருந்தது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் வெட்டியவை நடவுக்குழிகள் என்றல்லவா நினைத்திருந்தோம்!

ஒருவர்கூட எங்களைக் கேள்வி கேட்கவில்லை என்பதுதான் இதில் விசேஷம். நட்ட அன்று பாராட்டியவர்கள் பட்டுப்போனதைக் கவனிக்கவே இல்லை. எங்கள் அறிக்கையில் 400 என்ற எண் இன்றும் அப்படியே இருக்கிறது.

“மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்” என்று நாம் சொல்வதுண்டு. பாரத்தைக் கடவுள் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கச் சொல்லும் பழமொழி. அதன் நேர்ப்பொருளை நான் அந்த நோட்டுப் புத்தகத்தோடு நின்றபோதுதான் யோசித்தேன். வைத்தவருக்கு வாடவிட மனசு வராது என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்த சொல் அது. அது பிறந்த காலத்தில் வைத்தவரும் மரமும் ஒரே இடத்தில் இருந்திருப்பார்கள். நாங்கள் எழுபது பேரும் வண்டி ஏறி வீட்டுக்குப் போய்விட்டோம்.

இப்போது நீங்கள் 1,000 கன்று, 5,000 கன்று என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது தண்ணீர்க் கணக்கு. புதிதாக நட்ட கன்றுக்கு வெயில் காலத்தில் வாரம் 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பொறுத்துக் கூடும், குறையும். 1,000 கன்றுக்கு வாரம் 20,000 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் 2,000 வாளி. ஒரு கன்றுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் வாரத்துக்கு 83 மணி நேரம். இதை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளின் கோடை முழுக்கச் செய்ய வேண்டும். உங்கள் திட்டத்தில் இந்த 83 மணி நேரத்துக்கு யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது? பெயர் இல்லையென்றால், எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரால் தாங்கக்கூடிய எண்ணிக்கைக்கு இறங்கிவாருங்கள். 40 கன்று என்றால் 40 கன்று. வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண்ணிக்கை மோகம் நம்மைப் போன்ற சிறு குழுக்களுக்கு மட்டும் வரும் நோயும் அல்ல. 2019 நவம்பர் 11 அன்று துருக்கியில் நாடெங்கும் 1.1 கோடிக் கன்றுகள் நட்டார்கள். ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்தில் நட்டதற்கான உலக சாதனையும் அதில் அடக்கம். சில மாதங்களில் அந்நாட்டு வனத்துறைத் தொழிற்சங்கம் ஒன்று, தாங்கள் பார்த்த இடங்களில் 90 சதவீதம் வரை பட்டுப்போய்விட்டதாகச் சொன்னது. தவறான பருவம், தண்ணீர் இல்லை, அனுபவமில்லாத கைகள் என்று காரணமும் சொன்னது. அரசு அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தக் காரணங்களைப் படித்தபோது எங்கள் ஞாயிற்றுக்கிழமையை யாரோ விவரிப்பதுபோல் இருந்தது.

இதற்கு நேர் எதிரான ஒரு தொடக்கமும் உண்டு. கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977 ஜூன் 5 அன்று நைரோபியில் நட்டது 7 மரங்கள். அதிலிருந்து கிளைத்த பசுமைப் பட்டை இயக்கம் பின்னர் கோடிக்கணக்கில் நட்டது, 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. அந்த இயக்கத்தில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று. நாற்று வளர்த்து நட்ட பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள்; நட்டதற்காகக் கொடுக்கவில்லை, பிழைத்து நின்ற கன்றுக்குத்தான் கொடுத்தார்கள். காசு எங்கே போகிறதோ, கவனமும் அங்கேதான் போகும். நம் குழுக்களில் பாராட்டுதான் காசு. அதை நடவு நாளிலேயே மொத்தமாகச் செலவழித்துவிடுகிறோம்.

சரி, கன்று எப்படிச் சாகிறது என்று கொஞ்சம் பேசலாம். எல்லாப் பழியையும் தண்ணீர் மேல் போட முடியாது. எங்கள் 369இல் பாதியாவது எங்கள் கையால் செத்தவை என்று இப்போது தெரிகிறது.

முதல் தவறு குழியின் ஆழம். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று நினைத்தோம். தண்டு பருத்து வேராக விரியத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு, அது மண்மட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் பட்டை ஈரத்திலேயே ஊறி அழுகும், வேர் காற்றில்லாமல் திணறும். வேருக்கு நீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், காற்றும் வேண்டும் என்பது சட்டென்று ஞாபகத்துக்கு வருவதில்லை. மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் இரண்டடிக்குள்தான் இருக்கின்றன. கவிகை, அதாவது மரத்தின் இலைக்குடை, விரிந்திருக்கும் அளவையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகின்றன. ஆகவே குழியின் ஆழம் வேர்மண்ணின் உயரம் எவ்வளவோ அவ்வளவே போதும். அகலம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அகலமாக வெட்டுவதுதான் கஷ்டம். கடப்பாரையால் ஆழமாகக் குத்துவது சுலபம், அதனால் எல்லோரும் அதையே செய்கிறோம். முதல் நாள் மாலை குழியில் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அந்த இடம் கன்றுக்கு ஆகாது, அல்லது அந்த மண்ணுக்கு முதலில் வேறு வைத்தியம் வேண்டும்.

இரண்டாவது, பைக்குள் இருந்த வேர். நாற்றுப்பண்ணையில் அதிக நாள் கிடந்த கன்றின் வேர் பையின் சுவரைச் சுற்றிச் சுற்றியே வளர்ந்திருக்கும். அதை அப்படியே இறக்கினால் குழிக்குள்ளும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சில மரங்கள் பத்துப் பதினைந்து ஆண்டு நன்றாக வளர்ந்து, தண்டு பருக்கும்போது அந்த வேரே தண்டை நெரிக்க, காரணம் புரியாமல் வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அல்லது ஒரு காற்றில் அடியோடு சாயும். தோண்டிப் பார்த்தால் வேர் பை அளவுக்கே உருண்டையாக இருக்கும். நடும்போது சுற்றியிருக்கும் வேர்களை நேராக்கியோ, முடியாதவற்றைக் கூர்மையான கத்தியால் அறுத்தோ விட வேண்டும். இதற்குக் கன்று ஒன்றுக்கு இரண்டு நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் 400 நடுகிறவர்களிடம் அந்த இரண்டு நிமிடம் இருக்காது.

இன்னொன்று, ஆள் உயரக் கன்று வேண்டும் என்ற ஆசை. படத்தில் நன்றாகத் தெரியும், உண்மைதான். ஆனால் பெரிய கன்றைப் பெயர்க்கும்போது வேரில் பெரும்பகுதி பண்ணையிலேயே தங்கிவிடுகிறது, மேலே இருக்கும் இலைக்கூட்டத்துக்கு மீதி வேர் சோறு போட முடியாமல் தவிக்கிறது. சிறிய கன்று வேகமாக ஊன்றிக்கொள்ளும். சில ஆண்டுகளில் பெரியதை எட்டிப் பிடித்துவிடுவதும் உண்டு. தலைமை விருந்தினர் நடும் கன்று எப்போதும் ஆள் உயரம்தான். எங்கள் விழாவில் அதுதான் முதலில் பட்டுப்போனது.

ஊன்றுகோல் பற்றியும் ஒரு வார்த்தை. கன்றை அசையாமல் இறுக்கிக் கட்டுவது பாசம் இல்லை. காற்றில் ஆட ஆடத்தான் தண்டு தடிக்கும், வேர் பிடிமானம் தேடிப் பரவும். தளர்வாக, அகலமான துணிப்பட்டையால் கட்டி, ஓராண்டில் அவிழ்த்துவிட வேண்டும். கம்பியால் கட்டி மறந்துபோனால் பட்டைக்குள் கம்பி புதைந்து, மேலிருந்து இறங்கும் உணவு வழியே அறுந்துவிடும். கூண்டும் அப்படித்தான். காவலுக்கு வைத்த கூண்டே பத்தாம் ஆண்டில் கழுத்தை இறுக்கிக்கொண்டிருக்கும் காட்சியை எத்தனையோ தெருவில் பார்க்கலாம். கழற்றும் நாளையும் நடும் நாளிலேயே குறித்து வைப்பது நல்லது. பிறகு மூடாக்கு. சருகோ மரத்தூளோ நான்கு விரல் கனத்துக்குச் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும், புல் முளைக்காது, புல்வெட்டும் இயந்திரம் தண்டருகே வந்து பட்டையைச் சீவாது. தண்டைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு என்று யாராவது கேட்டால், வழக்கமாக நாம் சொல்லும் பதில்களில் சிலவற்றைக் கைவிட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். “மரம் பிராணவாயு தருகிறது” என்பது பள்ளிக்கூடச் சுவருக்குச் சரி. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் நிலையில் எந்தத் தெருவும் இல்லை. கார்பன் கணக்கும் தெருமரத்தின் பலமான வாதம் அல்ல. நன்கு வளர்ந்த ஒரு மரம் ஓராண்டில் இழுத்துக்கொள்ளும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து வெளிவருவது சுமார் 2.3 கிலோ. அதாவது பத்து லிட்டர் பெட்ரோலுக்குள் அந்த மரத்தின் ஓராண்டு உழைப்பு முடிந்துவிடும். புகையை வடிகட்டும் என்பதிலும் எச்சரிக்கை தேவை. இலைமேல் தூசி படிவது உண்மை. ஆனால் இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் நெருக்கும் ஒடுக்கமான தெருவில் அடர்ந்த கவிகை கூரைபோல மூடினால், வண்டிப் புகை மேலே போக வழியில்லாமல் கீழேயே தங்கவும் கூடும். புகைக்கு மருந்து வண்டிகளைக் குறைப்பதுதான். மரத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள்.

அது நிச்சயமாகச் செய்யும் வேலை ஒன்றே போதும்: குளிர்ச்சி. சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைவிட நகரம் சூடானது என்பதை லண்டனில் லூக் ஹோவர்டு என்ற வானிலை ஆய்வாளர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வெப்பமானி வைத்து அளந்து எழுதிவிட்டார். தாரும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் உமிழ்கின்றன. கடும் கோடையில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மர நிழல் விழும் இடத்தில் அது பத்து இருபது டிகிரி குறைந்திருக்கும். வெயிலில் நடப்பவர் உணரும் சூட்டில் பெரும்பகுதி காற்றின் வெப்பம் அல்ல, மேலே சூரியனும் கீழே தரையும் வீசும் கதிர்தான். நிழல் இரண்டையும் ஒரே நேரத்தில் தடுக்கிறது.

அதற்கு மேல் வியர்வை வேலை வேறு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாஜூல் வெப்பம் தேவை. பெரிய மரம் ஒன்று வேருக்கு ஈரம் கிடைக்கும் வெயில் நாளில் 100 லிட்டரை இலை வழியே ஆவியாக்கினால், சுற்றியுள்ள காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் அது விழுங்கும் வெப்பம் மின்சாரக் கணக்கில் சுமார் 67 யூனிட். ஏ.சி. இயந்திரம் வீட்டுச் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது, மரம் அப்படி எங்கேயும் கொட்டுவதில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: வேரில் ஈரம் வேண்டும். வறட்சியில் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். ஆகவே மழைநீரைக் குழாய் போட்டு ஊருக்கு வெளியே விரட்டிவிட்டு, மரம் ஏன் குளிர்விக்கவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை. ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் இதைப் புரிந்துகொண்டு, நடைபாதைக்கு அடியில் பெரிய உடைகற்களை அடுக்கி, இடைவெளிகளில் மண்ணை நிரப்பி, நடைபாதையில் விழும் மழையையும் காற்றையும் அதற்குள் இறக்கும் முறையைக் கையாள்கிறது. மேலே ஆட்கள் நடக்கலாம், கீழே வேர் நடக்கலாம். நம் சிமெண்டுச் சதுரத்துக்குள் ஒரு முழக் குழியில் நட்டுவிட்டு, பிறகு வேர் நடைபாதையைப் பெயர்க்கிறது என்று மரத்தின் மேல் வழக்குப் போடுகிறோம்.

உடம்புக்கும் மனதுக்கும் மரம் என்ன செய்கிறது என்பது அளக்கச் சிரமமானது. இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன், இரண்டும் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தவை. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிச் என்பவர் பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டார். பாதிப் பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன, பாதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். வீரியமான வலிமருந்தும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் வெளியான சிறிய ஆய்வுதான். பெரிதாக ஊதிக் காட்ட வேண்டியதில்லை.

மற்றது தலைகீழ்ச் சோதனை. மரம் வந்தால் என்ன ஆகும் என்று பார்க்காமல், போனால் என்ன ஆகிறது என்று பார்த்தது. ஆசியாவிலிருந்து சென்ற மரகத நிறத் துளைப்பான் வண்டு ஒன்று 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் குடைந்து, சில ஆண்டுகளில் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. தெருத்தெருவாக நிழல் போயிற்று. ஜெஃப்ரி டொனோவனும் உடன் ஆய்ந்தவர்களும் 15 மாநிலங்களின் மரணப் பதிவுகளை வண்டு பரவிய வரைபடத்தோடு வைத்துப் பார்த்து, 2013இல் எழுதினார்கள்: வண்டு வந்த மாவட்டங்களில் இதயநோய் தொடர்பாகச் சுமார் 15,000 மரணங்களும் சுவாசநோய் தொடர்பாகச் சுமார் 6,000 மரணங்களும் கூடுதலாக நிகழ்ந்திருக்கின்றன. மரம் போனதால்தான் என்று இது நிரூபித்துவிடவில்லை, தொடர்பைத்தான் காட்டுகிறது. ஆனால் பட்டுப்போன மரத்தின் முன் நோட்டுப் புத்தகத்தோடு நின்றவருக்கு அது லேசான செய்தி அல்ல.

இந்த வண்டுக் கதையில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. அங்கே அத்தனை ஆஷ் மரங்கள் தெருவில் எப்படி வந்தன? அதற்கு முன்பு எல்ம் மரங்களை வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். 1930களிலிருந்து ஒரு பூஞ்சை நோய் அவற்றை அழித்தது. பட்டைவண்டு பரப்பியது போதாதென்று, அடுத்தடுத்து நின்ற மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒட்டிக்கொண்டதால் வேர் வழியாகவும் பரவியது. போன எல்முக்குப் பதிலாகப் பல ஊர்கள் நட்டது ஆஷ். மறுபடியும் ஒரே இனம், மறுபடியும் வரிசை! ஃபிராங்க் சாண்டமோர் என்ற மரபியலாளர் 1990இல் ஒரு எளிய விதி சொன்னார்: நகரின் மரங்களில் ஒரே இனம் 10 சதவீதத்தையும், ஒரே பேரினம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) 20 சதவீதத்தையும், ஒரே குடும்பம் (உறவுள்ள பேரினங்களின் தொகுதி) 30 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. உங்கள் குழுவின் நடவுப் பட்டியலை இந்த விதியோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பண்ணையில் எது மலிவாகக் கிடைத்ததோ, எது சீக்கிரம் பூக்குமோ, அதையே நட்டிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான். 400இல் மூன்றே இனங்கள்.

எங்கே நடுவது என்பதில் எனக்கு உங்களோடு சின்னச் சண்டை உண்டு. நாம் பெரும்பாலும் நடுவது இடம் கிடைக்கும் இடத்தில்: ஏற்கெனவே பச்சையாக இருக்கும் பூங்காவில், அகலமான சாலை உள்ள வசதியான குடியிருப்பில். நிழல் தேவைப்படுகிறவர்கள் அங்கே இல்லை. அமெரிக்காவின் 108 நகரங்களை வைத்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, 1930களில் கடன் கொடுக்கத் தகுதியற்றவை என்று சிவப்பு மை பூசப்பட்ட ஏழைக் குடியிருப்புகள்தான் 94 சதவீத நகரங்களில் இன்றும் மற்றவற்றைவிடச் சூடாக இருக்கின்றன என்று காட்டியது. எண்பது ஆண்டுக்கு முன் வரைபடத்தில் விழுந்த மை இன்று வெப்பமானியில் தெரிகிறது. நகர வனவியலாளர் சீசில் கொனைனெண்டைக் 2021இல் முன்வைத்த 3-30-300 அளவுகோலை உங்கள் பகுதிக்குப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கண்ணுக்குத் தெரிய 3 மரம், ஒவ்வொரு வட்டாரத்திலும் 30 சதவீதம் மரக்கவிகை, எந்த வீட்டிலிருந்தும் 300 மீட்டருக்குள் ஒரு பசுமையிடம். மூன்றிலும் தோற்கும் தெருவில் நடத் தொடங்குங்கள். குழி வெட்டக் கஷ்டமான தெருவாகத்தான் இருக்கும்.

அங்கே போகும்போது முதலில் கடப்பாரையோடு போகாமல் கதவைத் தட்டப் போங்கள். எந்த மரம் வேண்டும், எங்கே வேண்டும், வேண்டவே வேண்டாமா என்று கேளுங்கள். “இலை கொட்டும், யார் பெருக்குவது?” என்று கேட்கும் பெண்மணியை மரத்துக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெருக்கப்போவது அவர்தான், நீங்களும் நானும் அல்ல. எங்கள் 31 மரங்கள் எவை என்று பின்னால் பட்டியல் போட்டுப் பார்த்தேன். 26 மரங்கள் ஏதோ ஒரு வீட்டு வாசலுக்கு எதிரே இருந்தவை. துணி அலசிய தண்ணீரையோ, அரிசி கழுவிய தண்ணீரையோ யாரோ ஊற்றியிருக்கிறார்கள். எங்களை யாரென்றே அவர்களுக்குத் தெரியாது.

நிற்கும் மரத்தைப் பற்றி எழுதாமல் முடிக்க முடியவில்லை. சாலை அகலப்படுத்த ஒரு பெரிய மரம் வெட்டப்படும்போது, பதிலுக்குப் பத்துக் கன்று நடுவோம் என்கிறார்கள். அந்தக் கன்றுகளை நடக் கூப்பிடப்படுவது நாம்தான். கொஞ்சம் கணக்குப் போடுவோம். 12 மீட்டர் அகலக் கவிகையுள்ள மரத்தின் நிழல் உச்சிவெயிலில் சுமார் 113 சதுர மீட்டர். அரை மீட்டர் அகலக் கன்றின் நிழல் 0.2 சதுர மீட்டர்கூட இல்லை. ஒன்றுக்கு ஈடாக 570க்கும் மேல் கன்று வேண்டும், அதுவும் எல்லாம் பிழைத்தால். தெருமரங்களின் பிழைப்பைப் பற்றிப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு அவற்றின் சராசரி ஆயுள் 19 முதல் 28 ஆண்டுதான் என்று கணித்திருக்கிறது. ஒரு மரம் நன்றாக நிழல் தரத் தொடங்கும் வயதும் ஏறக்குறைய அதுதான். ஆகவே வெட்டப்படுவதற்கு ஈடு கட்டும் கன்று நடவுக்கு உங்களைக் கூப்பிட்டால், குழி வெட்டுவதற்கு முன் “அந்த மரத்தை விட்டுவிட்டுச் சாலையை வளைக்க முடியாதா?” என்று கேட்கும் தைரியம் வேண்டும். நாம் கொடுக்கும் நடவுப் படம் சில சமயம் வெட்டுக்கான நற்சான்றிதழாகிவிடுகிறது. ஒருமுறை அதற்கு நானும் நின்று போஸ் கொடுத்திருக்கிறேன்.

ஆறுதலாக ஒன்று. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரம் தன் மரங்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. கிளை முறிந்தால், நோய் கண்டால் மக்கள் தெரிவிக்கட்டும் என்பதுதான் நோக்கம். ஜனங்கள் மரங்களுக்குக் காதல் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்! தினமும் கடந்துபோகும்போது பார்க்கிறேன், நன்றாக இரு என்கிற மாதிரி. சிரிப்பாக இருந்தாலும், எண் இருந்ததால்தானே எழுத முடிந்தது. எங்கள் 400க்கு எண்ணே இல்லை. எது எங்கே நட்டது, எது எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியாது.

எனவே உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த நடவுக்கு நாள் குறிக்கும் முன், சென்ற ஆண்டு நட்டவற்றை ஒரு நாள் போய் எண்ணுங்கள். நட்ட எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே நிற்கும் எண்ணிக்கையையும் உங்கள் அறிக்கையில் போடுங்கள். குறைவாக இருந்தாலும் போடுங்கள், மற்றக் குழுக்களுக்கு உதவும். கன்று வாங்க வைத்திருக்கும் பணத்தில் பாதியைத் தண்ணீருக்கும் மூடாக்குக்கும் ஒதுக்குங்கள். மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ கவாத்துத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய், ஒன்றோடொன்று போட்டி போடும் இரட்டைத் தண்டுகளில் ஒன்றை நீக்கச் சொல்லுங்கள். சின்னதாக இருக்கும்போது கத்தரிக்கோலில் முடிகிற வேலை, இருபது ஆண்டு கழித்து வண்டியின் மேல் முறிந்து விழும் கிளையாகிவிடும். நடவு நாளுக்கு எழுபது பேர் வந்தால் அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம், பாதிப் பேரை முந்தைய கன்றுகளைப் பார்க்க அனுப்புங்கள். அங்கேயும் படம் எடுத்துக்கொள்ளலாம், தடையில்லை.

அந்த 31இல் இன்று 24 நிற்கின்றன. இரண்டைச் சாலைப்பணி எடுத்துக்கொண்டது, ஒன்று காற்றில் போயிற்று, நான்குக்குக் காரணம் தெரியவில்லை. ஒன்றில் இந்த ஆண்டு ஏதோ பறவை கூடு கட்டியிருக்கிறது. அருகில் 9 புதிய கன்றுகள் வைத்திருக்கிறேன், ஐந்து இனங்கள். புதன்கிழமை காலைகளில் தண்ணீர் முறை என்னுடையது, சனிக்கிழமை முறைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது வாளி தூக்கத் தெம்பிருந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்பு 400 குழி வெட்டிய கூட்டத்தில் ஒருவர்